திரார்: ஸ்பானிஷில் எறிகிறார்கள், போர்ச்சுகீஸில் எடுக்கிறார்களா?

மழைக்காகம் (கேள்வி)

இரண்டு வருடம் ஸ்பானிஷ் படித்து ஓரளவு பேசவும் வந்த பிறகு, வேலை காரணமாகப் போர்ச்சுகீஸ் பக்கம் திரும்பி நாலு மாதம் ஆகிறது. பாதிச் சொல் ஏற்கெனவே தெரிந்ததுதானே என்ற மிதப்பில் இருந்தேன். ‘திரார்’ என்ற ஒரே ஒரு வினைச்சொல் அந்த மிதப்பை இறக்கிவிட்டது.

நடந்தது இதுதான். எங்களோடு வேலை பார்க்கும் பிரேசில்காரர் ஒருவர், நான் மூன்று நாள் உட்கார்ந்து செய்த ஒரு கோப்பைப் பற்றி ஒற்றை வரி அனுப்பினார்: ‘திரெய் ஓ செவ் அர்கீவோ த பாஸ்தா.’ எனக்குத் தெரிந்த ஸ்பானிஷில் ‘திரே’ என்றால் எறிந்தேன், தூக்கிப் போட்டேன். அர்கீவோ கோப்பு என்பதை ஊகிக்கவே வேண்டாம். ஆக, உன் கோப்பைத் தூக்கி எறிந்துவிட்டேன் என்கிறார்! பாஸ்தா என்னவென்று பார்க்கக்கூடத் தோன்றவில்லை, நேராக அழித்த கோப்புகள் கிடக்கும் இடத்தைத் திறந்து தேட ஆரம்பித்தேன். அங்கே இல்லை. கை நடுங்க நாலு வரி காரமாக எழுதி, அனுப்பும் முன் நல்லவேளை அகராதியைப் பார்த்தேன். பாஸ்தா என்றால் ஃபோல்டராம். திரார் என்றால் வெளியே எடுப்பதாம். ஃபோல்டரிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்தச் சொல் எங்கே பார்த்தாலும் கண்ணில் படுகிறது. சந்தேகத்தைத் திரார் பண்ணுகிறார்கள், விடுமுறையைத் திரார் பண்ணுகிறார்கள், பரீட்சையில் பத்துக்குப் பத்தைத் திரார் பண்ணுகிறார்கள். ஸ்பானிஷ் மண்டையோடு படித்தால் இந்த நாட்டில் எல்லாவற்றையும் எறிந்துகொண்டே இருக்கிறார்கள் போலிருக்கிறது.

இரண்டும் ஒரே சொல்தானா, இல்லை தற்செயலாக ஒரே மாதிரி இருக்கிறதா? ஒரே சொல் என்றால் ஒருபக்கம் எறிவது, இன்னொரு பக்கம் எடுப்பது என்று எப்படிப் பிரிந்தது? முக்கியமாக, குழப்பிக்கொள்ளாமல் ஞாபகம் வைக்க என்ன வழி? பட்டியல் போட்டு மனப்பாடம் செய்யப் பார்த்தேன், நிற்கவில்லை.

இரட்டைநாக்கு

மன்னிக்கவும், சிரித்துவிட்டேன். நானும் இதே குழியில் விழுந்தவன், ஆனால் எதிர்ப்பக்கத்திலிருந்து. எனக்கு முதலில் போர்ச்சுகீஸ், அப்புறம்தான் ஸ்பானிஷ். வகுப்பில் உணவகக் காட்சி ஒன்றைப் பேசி நடிக்கச் சொன்னார்கள், நான் பரிமாறுபவன். சாப்பிட்டு முடித்தவரிடம் மேசையை ஒதுக்கட்டுமா என்று கேட்பதாக நினைத்து ‘திரோ லா மேசா?’ என்றேன். எதிரே இருந்தவர் இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டார். போர்ச்சுகீஸில் ‘திரார் அ மேஸா’ என்றால் தட்டு, கோப்பைகளை எடுத்து மேசையை ஒதுக்குவது. ஸ்பானிஷில் அதே சொற்கள் மேசையைக் கவிழ்ப்பது!

உங்கள் கேள்விக்கு வருகிறேன். சொல் ஒன்றேதான். வினைத் திரிபுகூட அச்சு ஒன்றுதான்: திரோ, திராஸ், திரா, திராமோஸ் என்று நிகழ்காலம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ஓடும். கடந்தகாலத்தில்தான் ஸ்பானிஷ் திரே, திரோ என்றும் போர்ச்சுகீஸ் திரெய், திரோ(வ்) என்றும் கொஞ்சம் விலகும். அதனால்தான் ஏமாறுகிறோம். வேறு மாதிரி ஒலித்தால் உஷாராக இருப்போம்.

ஞாபகம் வைக்க வழி கேட்டீர்கள். ஆங்கில அகராதியை மூடி வையுங்கள். அதில் இந்தச் சொல்லுக்கு முப்பது பொருள் போட்டிருப்பான், நமக்கு அது தேவையே இல்லை. தமிழில் ‘எடு’ என்ற ஒரே சொல்லை வைத்து நாம் என்னவெல்லாம் செய்கிறோம் என்று பாருங்கள். போட்டோ எடுக்கிறோம், லீவு எடுக்கிறோம், பரீட்சையில் மார்க் எடுக்கிறோம், பாங்கில் பணம் எடுக்கிறோம், நகல் எடுக்கிறோம், தைக்க அளவு எடுக்கிறோம், எக்ஸ்ரே எடுக்கிறோம், பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கிறோம், லைசென்ஸ் எடுக்கிறோம். இதில் ஒவ்வொன்றுக்கும் போர்ச்சுகீஸ்காரன் சொல்வது திரார்தான். திரார் ஃபோத்தோ, திரார் ஃபேரியாஸ், திரார் நோத்தா, திரார் திஞேய்ரோ, திரார் கோப்பியா, திரார் மெதீதாஸ், திரார் ராயோ ஷீஸ், திரார் சாங்கே. லைசென்ஸுக்கு பிரேசிலில் திரார் கர்த்தேய்ரா, போர்ச்சுகலில் திரார் அ கார்த்தா. யாரோ உட்கார்ந்து ‘எடு’வை மொழிபெயர்த்து வைத்த மாதிரி இருக்கும். ஐரோப்பிய மொழிக்காரர்கள் ஒவ்வொன்றாக உருப்போடும் இடத்தில் நமக்கு இது இலவசமாகக் கிடைக்கிறது.

‘எடு’ ஒத்துவராத இடங்களும் உண்டு, அவை கொஞ்சம்தான். செருப்பு, சட்டை என்றால் நாம் கழற்றுவோம். பாலைக் கறப்போம், கறையைப் போக்குவோம், சந்தேகத்தைத் தீர்ப்போம், குட்டித் தூக்கம் போடுவோம். அவர்களுக்கு எல்லாமே திரார். கறையும் சந்தேகமும் ஒட்டிக்கொண்டிருக்கிறவை, அவற்றைப் பெயர்த்து எடுக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டால் ‘திரார் உமா தூவிதா’ விசித்திரமாகத் தெரியாது.

ஸ்பானிஷ் இந்த வேலையை இரண்டு சொல்லுக்குப் பங்கு போட்டுவிட்டது. உள்ளே இருப்பதை வெளியே எடுத்தால் ‘சகார்’: பல் பிடுங்க, மார்க் எடுக்க, பையிலிருந்து சாவி எடுக்க. மேலே ஒட்டியிருப்பதை நீக்கினாலோ ஒருவரிடமிருந்து பறித்தாலோ ‘கித்தார்’: செருப்பைக் கழற்ற, கறையைப் போக்க, குழந்தை கையிலிருந்து கத்தியை வாங்க. போர்ச்சுகீஸிலிருந்து போகிறவனுக்கு இந்தப் பங்கீடுதான் தலைவலி, உங்களைப் போல ஸ்பானிஷிலிருந்து வருகிறவருக்குச் சுகம்: சகாரையும் கித்தாரையும் தூக்கிவிட்டு இரண்டு இடத்திலும் திராரைப் போடுங்கள், பெரும்பாலும் சரியாக வரும்.

ஆனால் சகாரையும் கித்தாரையும் அப்படியே போர்ச்சுகீஸுக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே ‘கித்தார்’ கடனை முழுசாக அடைப்பது. ‘சகார்’ பாங்கில் பணம் எடுப்பது, வாலிபாலில் சர்வீஸ் போடுவது, பிரேசில் பேச்சில் ‘புரிஞ்சுதா?’ என்பதற்கும் ‘சகோ?’

பழைய மாலுமி

தம்பி, கோப்பு போனால் திரும்ப வரும். எனக்குக் கை போயிருக்கும்.

பல வருடம் கப்பலில் இருந்தவன் நான். கூட வேலை பார்த்தவர்களிடமிருந்து ஒட்டிக்கொண்ட ஸ்பானிஷ்தான் என்னுடையது, இலக்கணம் கிடையாது, கட்டளைகள் மட்டும் நன்றாகத் தெரியும். கப்பலில் கயிற்றுக்கு ‘காபோ’. வடத்தை இழு என்பதற்கு ‘திரா தெல் காபோ!’ ஆயிரம் தடவை கேட்டுக் கேட்டு, அந்தச் சத்தம் காதில் விழுந்தாலே கை தானாக இழுக்கும்.

பிரேசிலில் ஒரு துறைமுகத்தில் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தோம். வடம் இரும்புத் தூணில் இரண்டு சுற்று சுற்றியிருக்கிறது, நான் பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டிருக்கிறேன், கப்பல் மெல்ல நகர்கிறது. அப்போது கரையிலிருந்து ஒருவர் கத்தினார். காற்றில் எனக்குக் கேட்டது தொடக்கமும் முடிவும்தான்: ‘...ரா ... து காபு!’ உடனே இழுத்தேன். அவர் கத்தியது ‘திரா அ மாவ் து காபு’, கயிற்றிலிருந்து கையை எடு! வடம் விறைத்துக்கொண்டு என் கையுறையைத் தூணுக்கும் கயிற்றுக்கும் நடுவில் கொண்டுபோய்விட்டது. கை எப்படி வெளியே வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. கையுறை மட்டும் அங்கே அப்பளமாகக் கிடந்தது.

அப்புறம்தான் உட்கார்ந்து இதைப் புரிந்துகொண்டேன். ஸ்பானிஷில் ‘தெ’ என்ற சின்னச் சொல்லில்தான் விஷயமே இருக்கிறது. ‘திரா லா குவெர்தா’ என்றால் கயிற்றை எறி. ‘திரா தெ லா குவெர்தா’ என்றால் கயிற்றைப் பிடித்து இழு. ஒரே ஒரு அசை, வேலை நேர்மாறு. போர்ச்சுகீஸிலும் அந்த ‘தெ’ வரும், அது து, த என்று உருமாறி ஒட்டிக்கொள்ளும், ஆனால் அங்கே அதற்கு ‘இலிருந்து’ என்று பொருள். எதிலிருந்து எடுக்க வேண்டும் என்பதைக் காட்டும். ஆக ஸ்பானிஷ் காதுக்குக் கயிற்றை இழு, போர்ச்சுகீஸ் காதுக்குக் கயிற்றிலிருந்து எடு.

போர்ச்சுகீஸில் இழுப்பதற்குச் சொல் வேறு: ‘புஷார்’. இது இன்னொரு கொடுமை. பிரேசிலில் கதவில் ‘புஷி’ என்று எழுதியிருக்கும், நாம் பாட்டுக்குப் புஷ் பண்ணிக்கொண்டு நிற்போம், கதவு அசையாது. இழுக்க வேண்டும்.

அகராதிப்புழு

பெரியவர் சொன்ன வட கதையிலேயே வரலாறும் இருக்கிறது.

இழுப்பதும் எறிவதும் எதிரெதிர் வேலைகள், ஒரே சொல் எப்படி இரண்டையும் தாங்கும் என்று தோன்றும். வில்லை நினைத்துப் பாருங்கள். நாணைப் பின்னால் இழுத்தால்தான் அம்பு முன்னால் பாயும். இழுப்பதும் எய்வதும் ஒரே செயலின் இரண்டு முனைகள். ‘தீரோ’ என்ற பெயர்ச்சொல் இன்றைக்கும் இரண்டு மொழியிலும் எய்தல், சுடுதல் என்ற பொருளில்தான் இருக்கிறது. வில்வித்தை ஸ்பானிஷில் ‘தீரோ கொன் ஆர்கோ’, போர்ச்சுகீஸில் ‘தீரோ கொம் ஆர்கோ’. பெயர்ச்சொல் அப்படியே நிற்க வினைச்சொல் மட்டும் கிளை பிரிந்தது என்பதுதான் எனக்கு இதில் சுவாரசியம்.

பிரெஞ்சில் திரே, இத்தாலியனில் திராரே என்று குடும்பம் முழுக்க இந்தச் சொல் உண்டு, எல்லா இடத்திலும் இழுப்பது என்ற பொருள் அடியில் கிடக்கிறது. ஆனால் லத்தீனில் இழுப்பதற்கு இருந்த ‘த்ராஹெரே’யிலிருந்து இது வரவில்லை. அந்தச் சொல் ஸ்பானிஷில் ‘த்ரயேர்’ என்றும் போர்ச்சுகீஸில் ‘த்ரஸேர்’ என்றும் ஆகி, இழுப்பதை விட்டுக் கொண்டுவருவதற்குப் போய்விட்டது. திரார் எங்கிருந்து வந்தது என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை.

அப்புறம், போர்ச்சுகீஸ் ‘எறி’யைத் தொலைத்துவிடவில்லை. முன்னால் ஓர் ‘அ’ சேர்த்துத் தனிச் சொல்லாக்கிவிட்டது: ‘அதிரார்’. எறிவது, சுடுவது, தண்ணீரில் குதிப்பது எல்லாம் அதிரார். ஸ்பானிஷில் ‘திரார்சே அல் ஆக்வா’ என்பது போர்ச்சுகீஸில் ‘அதிரார்-சே’ ஆகும். இந்த ‘அ’வை விழுங்கிவிட்டால் அர்த்தம் மாறும், அவ்வளவு சின்ன எழுத்து. குப்பையில் போடுவதற்கு இதைவிட வேறு சொற்கள்தான் அதிகம் புழங்கும்: பிரேசிலில் ‘ஜோகார் ஃபோரா’, போர்ச்சுகலில் ‘தெய்தார் ஃபோரா’.

இதற்கெல்லாம் ஒரு பெயரே சாட்சி. பிரேசிலில் ஏப்ரல் 21 தேசிய விடுமுறை, திராதெந்த்தெஸ் நாள். 1789-இல் மீனாஸ் ஜெராய்ஸில் போர்ச்சுகல் ஆட்சிக்கு எதிராக நடந்த சதியில் சிக்கி, 1792 ஏப்ரல் 21 அன்று ரியோ தெ ஜனேய்ரோவில் தூக்கிலிடப்பட்டவர் ஜொவாக்கிம் ஜொசே த சில்வா ஷவியேர். ராணுவத்தில் சிறு பதவியில் இருந்தவர், பல் பிடுங்கும் தொழிலும் தெரியும். ‘திரா’ பிடுங்குபவர், ‘தெந்த்தெஸ்’ பற்கள். பல்பிடுங்கி! பட்டப்பெயரே வரலாற்றில் நிலைத்துவிட்டது, மீனாஸ் ஜெராய்ஸில் அந்தப் பெயரில் ஓர் ஊரும் இருக்கிறது. ஸ்பானிஷ் மட்டும் தெரிந்தவர் கேட்டால் பற்களை எறிபவர் என்று நினைப்பார். அங்கே பல்பிடுங்கிக்குச் ‘சகாமுவேலாஸ்’, மேலே இரட்டைநாக்கு சொன்ன அதே சகார்.

நேர்வழி

எல்லாரும் எதற்கு இவ்வளவு சுற்றுகிறீர்கள் என்று புரியவில்லை. வில், அம்பு, லத்தீன் எல்லாம் தெரிந்து பேசும்போது என்ன பயன்? இரண்டும் இரண்டு மொழி, இரண்டு சொல். ஒன்றை நினைக்கும்போது மற்றதை மறந்துவிடுங்கள். நான் அப்படித்தான் படித்தேன், ஒரு பிரச்சினையும் வந்ததில்லை.

இரட்டைநாக்கு

நேர்வழி, மறந்துவிடுங்கள் என்று சொன்னால் மறக்கிற மூளை உங்களுக்கு வாய்த்திருக்கிறது, எனக்கு இல்லை. தவிர, இரண்டும் முழுக்க வேறு என்றால் ஒட்டுகிற இடங்களை என்ன செய்வது? லத்தீன் அமெரிக்காவில் பலர் போட்டோ எடுப்பதற்குத் திரார்தான் சொல்கிறார்கள், போர்ச்சுகீஸ் மாதிரியே. ஸ்பெயினில் குழாயிலிருந்து பியர் பிடிப்பது ‘திரார் உனா கான்யா’, போர்ச்சுகலில் அதே வேலைக்குத் ‘திரார் உமா இம்பெரியால்’. சீட்டு எடுத்து ஜோசியம் பார்ப்பதும் இரண்டிலும் திரார்தான். அச்சில் எத்தனை பிரதி என்பதற்கு ஒருபக்கம் ‘திராதா’, மறுபக்கம் ‘திராஜெய்ம்’. ஒரே வீட்டில் பிறந்து வேறு வேறு தெருவில் குடியிருக்கும் அண்ணன் தம்பி மாதிரி, சாயல் போகாது.

சில வரிகளில் உருவம் வேறாகவும் முடிவு ஒன்றாகவும் இருக்கும், அங்கே தப்பாகப் புரிந்துகொண்டாலும் தப்பித்துவிடுவோம். ஸ்பானிஷில் ‘திரார் லா பசூரா’ குப்பையை எறிவது, போர்ச்சுகீஸில் ‘திரார் ஓ லீஷோ’ குப்பையை வெளியே எடுத்துப்போவது. எப்படியும் குப்பை வீட்டை விட்டுப் போகிறது. பணத்தில்தான் மாட்டிக்கொள்வோம். ‘திரார் எல் தினேரோ’ பணத்தைத் தண்ணீராக இறைப்பது, ‘திரார் திஞேய்ரோ’ பணத்தை வெளியே எடுப்பது. பாங்கில் நின்றுகொண்டு முதலாவதைச் சொன்னால் பார்ப்பவர் என்ன நினைப்பார்!

மழைக்காகம்

அடடா, ஒரு கோப்புக்காகக் கேட்ட கேள்வி இவ்வளவு தூரம் வரும் என்று நினைக்கவில்லை. ‘எடு’ விஷயம் உண்மையிலேயே பூட்டைத் திறந்துவிட்டது, நேற்று பழைய மின்னஞ்சல்களை எடுத்து ஒவ்வொரு திராருக்கும் எடு போட்டுப் பார்த்தேன், பத்தில் ஏழு பொருந்தியது. மாலுமி ஐயா, அந்தக் கையுறையை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

இன்னும் இரண்டு விஷயம். ஸ்பானிஷ் பேசும் எல்லா நாட்டிலும் திராரை ஒரே மாதிரி தைரியமாகச் சொல்லலாமா? எங்கள் ஆசிரியர் ஸ்பெயின்காரர், கொலம்பியாவுக்குப் போனால் கவனம் என்று சொல்லிச் சிரித்தார், காரணம் சொல்லவில்லை. அப்புறம், இந்தச் சொல்லை வைத்து வரும் வழக்குகளில் கட்டாயம் தெரிய வேண்டியவை எவை?

அகராதிப்புழு

அவர் சிரித்ததற்குக் காரணம் உண்டு. கொலம்பியா, பெரு, வெனிசுவேலா பேச்சில் திராருக்கு உடலுறவு என்ற கொச்சைப் பொருள் உண்டு. ஸ்பெயினில் ‘திரார்சே அ’ என்று ஓர் ஆளைச் சேர்த்துச் சொன்னாலும் அதேதான். குப்பை, பந்து, கயிறு என்று பொருளைச் சேர்த்துச் சொன்னால் யாரும் தப்பாக எடுக்க மாட்டார்கள். அந்தரத்தில் விட்டால்தான் சிரிப்பார்கள். இழுப்பதற்கு மெக்சிகோவில் ‘ஹலார்’ சொல்வார்கள், கதவிலும் ‘ஹாலே’ என்றுதான் இருக்கும். ஸ்பெயினிலும் அர்ஜென்டினாவிலும் கதவில் ‘தீரே’ பார்க்கலாம். அதைப் படிக்கும் பிரேசில்காரர் எதை எடுக்கச் சொல்கிறார்கள் என்று தேடுவார். மெக்சிகோவில் தெருவுக்குத் தெரு இருக்கும் ‘நோ தீரே பசூரா’வும் அப்படித்தான். குப்பை போடாதே என்பது, பசூரா என்றால் குப்பை என்று மட்டும் கற்றுக்கொண்ட போர்ச்சுகீஸ் கண்ணுக்குக் குப்பையை எடுக்காதே ஆகிவிடும்!

இன்னொன்று சும்மா தெரிந்துகொள்ள: பிரேசில் பேச்சில் ‘தீரா’ என்றால் போலீஸ்காரர். மெக்சிகோவிலும் சிலேயிலும்கூடப் போலீசைக் குறிக்க அதே சொல் ஓடுகிறது.

இரட்டைநாக்கு

வழக்குகள் என்றால் எனக்குக் கை அரிக்கும், ஆனால் பட்டியல் போடமாட்டேன், பிடித்ததை மட்டும் சொல்கிறேன்.

ஸ்பெயினில் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் ‘திராந்தோ’ என்பார்கள். இழுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். ஏதோ வண்டி ஓடுது என்று நாம் சொல்கிறோமே, அச்சு அதேதான். அதே திராந்தோ போர்ச்சுகீஸில் ‘தவிர’ என்ற பொருளில் வரும்: ‘திராந்தோ வோசே’ என்றால் உன்னைத் தவிர, உன்னை எடுத்துவிட்டுப் பார்த்தால். இரண்டு பக்கமும் நலம் விசாரிக்கும் ஆளாக இருந்தால் இது முதல் நாளே மாட்டும்.

ஒருவரைப் பேசவைத்து விஷயத்தைக் கறப்பது ஸ்பானிஷில் ‘திரார் தெ லா லெங்குவா’, நாக்கைப் பிடித்து இழுப்பது. நாம் வாயைப் பிடுங்குகிறோம், அவர்கள் நாக்கை. பேரத்தில் விட்டுப் பிடிப்பது ‘திரா இ அஃப்லோஹா’, இழு, தளர்த்து. காத்திருந்து நேரம் போனதைச் சொல்லவும் ஸ்பெயினில் இது வரும்: ‘மே திரே தோஸ் ஓராஸ் எஸ்பெராந்தோ’, இரண்டு மணி நேரம் காத்துக் கிடந்தேன். இங்கே எறிவதா இழுப்பதா என்று ஆராயாதீர்கள், அப்படியே விழுங்கிவிடுங்கள். பந்தாவாகச் செலவு செய்தால் ‘திரார் லா காசா போர் லா வெந்தானா’, வீட்டையே ஜன்னல் வழியாக எறிவது.

போர்ச்சுகீஸ் பக்கம் எனக்கு உயிர் இரண்டு. ஒன்று, ‘திரார் ஓ கவலீஞோ த ஷூவா’, குட்டிக் குதிரையை மழையிலிருந்து எடு. நடக்காத ஒன்றுக்காகக் காத்திருப்பவரிடம் சொல்வது, அந்த ஆசையை விட்டுவிடு என்று. உடனே கிளம்பிவிடுவேன் என்று குதிரையை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்த விருந்தாளியிடம், நீ இப்போதைக்குக் கிளம்பப் போவதில்லை, குதிரையை உள்ளே கட்டு என்று வீட்டுக்காரர் சொன்னதாகக் கதை சொல்வார்கள். இன்னொன்று ‘செய்ம் திரார் நெய்ம் போர்’. எடுக்காமலும் வைக்காமலும், அதாவது உள்ளது உள்ளபடி. மகன் அப்பாவை உரித்து வைத்தாற்போல இருந்தால் இதைச் சொல்லலாம்.

பழைய மாலுமி

உச்சரிப்பை யாரும் சொல்லவில்லையே. ஸ்பானிஷ் ‘தி’ நம் திண்ணையில் வரும் தி மாதிரி, நாக்கைப் பல்லில் வைத்தால் போதும், ‘ர’வும் நம் மரத்தில் வருகிற ர. அதனால் தமிழனுக்குத் திரார் சுலபம். பிரேசிலில் பெரும்பாலான இடங்களில் அந்தத் ‘தி’ பச்சையில் வரும் ச்ச மாதிரி மாறிவிடும், கடைசி ‘ர்’ரையும் பேச்சில் விழுங்கிவிடுவார்கள். எழுத்தில் திரார், காதில் ‘ச்சிரா’. அன்றைக்குக் கரையிலிருந்தவர் கத்தியதில் எனக்கு முதல் அசை பிடிபடாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம். ரெசிஃபே பக்கம் போனால் ‘தி’ தியாகவே இருக்கும்.

மழைக்காகம்

நன்றி, எல்லாருக்கும். நேர்வழி, உங்களுக்கும்தான், கோபம் வேண்டாம்.

இன்று அந்தப் பிரேசில்காரருக்கே போர்ச்சுகீஸில் எழுதினேன். ‘ஒரு சந்தேகத்தைத் திரார் பண்ண வேண்டும்’ என்று ஆரம்பித்து, என் கோப்பை ஏன் ஃபோல்டரிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டேன். அதே பெயரில் என்னுடைய பழைய கோப்பு ஒன்றும் அங்கே கிடந்ததாம், இரண்டும் கலந்துவிடக் கூடாது என்று புதியதைத் தனியாக எடுத்து வைத்தாராம். பழையதைப் பற்றிக் கடைசியில் ஒரு வரி: ‘எஸ்ஸி போஜி ஜோகார் ஃபோரா.’

ஜோகார் ஃபோரா. இந்த முறை உண்மையிலேயே எறியத்தான் சொல்கிறார். எதற்கும் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு எறிந்தேன்.